இருபத்திரண்டு டின் வீணை

எனக்குப் பாட்டு வராது. என்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் இது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் தாலாட்டுப் பாட ஆரம்பித்தால், அதுவரை அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு என் வாயைக் கையால் பொத்தும். அதைப் பாசம் என்று நினைத்து அந்தக் கைக்கு முத்தம் கொடுத்தவள் நான். (அப்படிப்பட்ட அறிவாளி.)

ஆனால் நான் எம்.எஸ்சி. இயற்பியல். முதல் வகுப்பு. அந்தத் திமிர் ஒன்று இருக்கிறதே, அது காதை அடைத்துவிடும். மூங்கில்துறைப்பட்டுக்கும் மணலூர்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியின் ஆசிரியர் அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் இப்படித்தான் முழங்கிக்கொண்டிருப்பேன்: "சங்கீதம்னா என்ன? அதிர்வெண். கம்பி நீளத்தக் கொறச்சா சுருதி ஏறும், இறுக்கிக் கட்டினா இன்னும் ஏறும். அவ்வளவுதான். இதுக்குப் போயி பத்து வருஷம் பாட்டு கிளாஸ் போறாங்களே, பாவம்!"

தமிழாசிரியை மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டிருப்பார். அந்தக் கடியில் எல்லாப் பதிலும் இருந்தது என்று இப்போது புரிகிறது.

இந்த நிலைமையில்தான் எங்களை எல்லாம் கள்ளக்குறிச்சிக்கு இரண்டு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். வீணாய்ப் போன பொருட்களைக் கொண்டு குழந்தைகளோடு சேர்ந்து நரம்பு வாத்தியம் செய்வது எப்படி என்பதுதான் பயிற்சி. முதல் நாள், எண்ணெய் டின்னில் கட்டையைச் செருகி, தூண்டில் நரம்பு கட்டி வாத்தியம் செய்வது. இரண்டாம் நாள், செய்த வாத்தியத்தைச் சுருதி சேர்த்து வாசிப்பது. முதல் நாள் நான் முன்வரிசையில் உட்கார்ந்து அவ்வளவையும் படம் போட்டுக் குறித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் சின்னசேலத்தில் ஒரு கல்யாணம். 'பெட்டி செய்யத் தெரிந்தால் போதாதா, சத்தம் தன்னால் வரப்போகிறது' என்று கல்யாணத்துக்குப் போய்விட்டேன். சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது. என் வாழ்க்கையில் இத்தனை அவமானத்தைத் தேடித் தந்த சாப்பாடு வேறொன்று இல்லை.

பயிற்சியில் எங்களுக்குப் பாடம் எடுத்தவரைக் கருத்தாளர் என்பார்கள். அவருக்குத் தனி நாற்காலி, தனித் தட்டில் பிஸ்கட், எல்லோரும் எழுந்து வணக்கம். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் கருத்தாளர் ஆகவேண்டும் என்று ஒரே தவிப்பு. கருத்து இருக்கிறதா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. நாற்காலி மட்டும் கண்ணில் நின்றது.

வாய்ப்பு தானாக வந்தது. எங்கள் தலைமை ஆசிரியை வசந்தா மேடத்தின் தோழி ஒருவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாக இருந்தார். அங்கே புதிதாக ஒரு வகுப்பறை கட்டியிருந்தார்கள். திறந்து வைக்க ஓர் அதிகாரி வருகிறார். அவர் மனது வைத்தால் யாரையும் கருத்தாளர் ஆக்கலாம் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. நான் ஒரே மூச்சில் திட்டம் எழுதி மேடம் மேசையில் வைத்தேன். எங்கள் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், ஆளுக்கொரு டின் வீணை தாங்களே செய்து, மலைக்குப் போய், விழாவின் தொடக்கத்தில் எல்லோரும் எழுந்து நிற்போமே, அந்த வாழ்த்துப் பாட்டை வாசிப்பார்கள். பிறகு அந்த வீணைகளை அங்குள்ள பிள்ளைகளுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டு வருவோம். திட்டத்துக்கு நான் வைத்த தலைப்பு: 'மலைக் குழந்தைகளுக்கு இசையை அறிமுகப்படுத்துதல்'.

மலைக் குழந்தைகளுக்கு இசை தெரியாது என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் நான் ஒரே ஒரு தடவைதான் மலைக்குப் போயிருந்தேன், அருவியில் குளிக்க. அன்றைக்கு அருவியில் தண்ணீர்கூட இல்லை.

மேடம் படித்துவிட்டு, "நல்லா வரும்ல?" என்று கேட்டார்.

"மேடம், இது ஃபிசிக்ஸ். தப்பா வர சான்ஸே இல்ல" என்றேன்.

ஒரு மாதம் வேலை நடந்தது. பிள்ளைகள் செய்த பகுதியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். டீக்கடைகளிலும் ஓட்டல்களிலும் கேட்டு ஐந்து லிட்டர் எண்ணெய் டின்களைச் சேகரித்தார்கள். சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட ரீப்பர் கட்டைகளை உப்புத்தாளால் இழைத்தார்கள். தூண்டில் நரம்பு மணலூர்பேட்டையில் கிடைத்தது. ஆற்றில் மீன் பிடிப்பவர்கள் எதற்கு என்று கேட்டதற்கு 'வீணைக்கு' என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டு, ஓர் ஊர் சிரிப்பதைக் கேட்டுவிட்டு வந்தது. டின்னுக்குள் கட்டையைச் செருகி, ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் முறுக்குவதற்குக் கொக்கித் திருகாணி, நடுவில் நரம்பைத் தாங்க ஐஸ் குச்சி. இரண்டு நரம்பு. நரம்பைக் கட்டையோடு விரலால் அழுத்தினால் ஸ்வரம் மாறும்; தட்டினால் 'டொய்ங்' என்றது. அந்த முதல் 'டொய்ங்'குக்கு வகுப்பறையே கூத்தாடியது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

வீட்டில் மாட்டுக்குத் தவிடு கொட்டி வைத்திருந்த டின்னையும் நான் விடவில்லை. சர்க்கரை ஆலையில் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், தரையில் குவித்திருந்த தவிட்டையும் என் கையில் இருந்த டின்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாடி இது?"

"வீணைங்க."

"மாடு இன்னாத்த துன்னும்?"

"கலைன்னா கொஞ்சம் தியாகம் வேணுங்க."

"தியாகம் பண்றது மாடு. பேரு வாங்கறது நீயா?" என்றவர், நான் தட்டிக் காட்டிய நரம்பைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சுருதி சேக்கத் தெரிஞ்சவங்க யாரனா கூட்டியாந்து காட்டேன்" என்றார். அவருக்கு நல்ல காது. மார்கழி பஜனையில் பாடுகிறவர். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பி.காம். படித்தவர் எனக்கு ஒலியியல் சொல்லித்தருவதா? போனில் இறக்கி வைத்திருந்த செயலியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். நரம்பைத் தட்டினால் திரையில் முள் ஆடும். சரியான இடத்துக்கு வந்தால் பச்சை எரியும். "காது பொய் சொல்லும், கருவி சொல்லாது" என்றேன்.

இருபத்திரண்டு வீணைக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு நரம்புக்கும், திருகு திருகு என்று திருகிப் பச்சை எரிய வைத்தேன். பச்சை எந்த ஸ்வரத்துக்கு எரிகிறது என்று பார்க்கவேண்டும், எல்லா வீணைக்கும் ஒரே ஸ்வரத்துக்கு எரிய வேண்டும் என்பது இரண்டாம் நாள் பாடம். அந்த நேரத்தில் நான் சின்னசேலத்தில் பால் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். ஆக என் வீணைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுத்தமான சுருதியில் இருந்தன. ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை.

முதலில் கண்டுபிடித்தது பர்வீன். ஏழாம் வகுப்பு. அவள் அப்பாவுக்கு மணலூர்பேட்டையில் சைக்கிள் கடை. நன்றாகப் பாடுவாள். காலைக் கூட்டத்தில் மற்ற பிள்ளைகள் எல்லாம் அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பாடும். விழாவிலும் முதல் அடியை அவள் பாடி எடுத்துக் கொடுக்க, பிறகு வீணைகள் சேர்ந்துகொள்வதாகத்தான் முதலில் ஏற்பாடு.

"டீச்சர், தனியா தட்டுனா நல்லா கீது டீச்சர். ஒன்னா தட்டுனா ஒன்னோட ஒன்னு சண்ட போடுது."

"பச்சை எரியுதா இல்லையா?"

"எரியுது டீச்சர்."

"அப்பறம் என்ன?"

அவள் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் மாட்டினாள். வீணைச் சத்தம் மைதானத்துக்குக் கேட்காது என்று எனக்கு ஒரு கவலை. குளிர்பானத் தகர டப்பாவைக் கத்தரித்து, மெல்லிய துண்டுகளாக்கி, ஒவ்வொரு நரம்புக்கும் அடியில், ஐஸ் குச்சிக்குப் பக்கத்தில் செருகினேன். நரம்பு தகரத்தில் உரசி 'ர்ர்ர்ர்ர்' என்று ஒரு ரீங்காரம் வந்தது. சத்தம் இரண்டு மடங்கு ஆனது. என் கண்டுபிடிப்பைப் பார்த்து எனக்கே புல்லரித்தது.

பர்வீன் எழுந்து நின்றாள். "டீச்சர், வண்டு பூந்துகின மாரி கீது டீச்சர். அத்த எடுத்துடலாமா?"

"அதுக்குப் பேர் நாதம். உனக்குத் தெரியாது, உக்காரு" என்றேன். அதோடு விடவில்லை. "நீ பாடவும் வேணாம். வாத்தியம் மட்டும் போதும். கடைசி வரிசைக்குப் போ" என்றும் சொன்னேன்.

அவள் தன் டின்னைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். முகத்தைக் காட்டவில்லை. நான் பார்க்கவும் இல்லை. கருத்தாளர் நாற்காலிக்கு என்ன கலரில் புடவை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விழாவன்று காலை வேனில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும், ஒவ்வொரு வளைவுக்கும் இருபத்திரண்டு டின்னும் ஒரு பக்கமாகச் சரிந்து மறுபக்கமாக உருண்டன. இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தன. அதில் ஒன்று டின்னைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டது. (அந்த ஒரு டின்தான் அன்றைக்கு உருப்படியான வேலை செய்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.)

பள்ளிக்கூடம் அழகான இடத்தில் இருந்தது. முன்னால் மைதானம், பந்தல், மேடை, நாற்காலிகள். ஒரு பக்கம் புது வகுப்பறை, வாசலில் சிவப்பு ரிப்பன். பின்னால் கொஞ்ச தூரத்தில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு மரம். அதன் கிளைகளில் முறம் அகலத்துக்குக் கறுப்பாக ஏழெட்டு தொங்கின. பெற்றோர் சார்பில் விழா வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாமலை என்பவர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"டீச்சருங்க, ஒரு விசயம். அந்த மரத்துல மலைத்தேனீ கீதுங்க. வெடி கிடி வேணாம்னு சொல்லிட்டோம். பொகையும் கூடாது. தப்பித்தவறி கெளம்பிடிச்சின்னா, தலைய மூடிக்கினு உள்ள ஓடிடணும். நின்னு பாக்கக் கூடாது. ஊர்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிக்கீறோம். புள்ளைங்களுக்கும் சொல்லிடுங்க."

"சரிங்க, சரிங்க" என்றேன். ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. போட்டோ எடுக்கிறவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். மாலை போட்டார்கள். பெரிய சால்வை ஒன்றைப் போர்த்தினார்கள். விழாவைத் தொகுத்து வழங்கிய ஆசிரியர் மைக்கைப் பிடித்து, "முதலாவதாக" என்று ஆரம்பிக்கப் போனார். நான் பாய்ந்து போய் அவரைத் தடுத்தேன்.

"சார், அறிவிப்பு வேணாம்."

"வாழ்த்துன்னு சொன்னாதானே மேடம் எந்திரிப்பாங்க?"

"இசை தொடங்கினதும் மக்கள் தானா எழுந்திருக்கணும் சார். அதுதான் இசையோட சக்தி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மைக்கை டின்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கினார். நான் பிள்ளைகளைப் பார்த்து, "என்ன நடந்தாலும் நடுவுல நிறுத்தக் கூடாது. கடைசி அடி வரைக்கும் வாசிக்கணும்" என்று கட்டளையிட்டுவிட்டுக் கையை உயர்த்தினேன்.

வாசித்தார்கள்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? நாற்பத்து நான்கு நரம்பு, நாற்பத்து நான்கு சுருதி, நாற்பத்து நான்கு தகரம். வாழ்த்துப் பாட்டு அதற்குள் எங்கோ இருந்தது. பெற்ற தாய்க்கு அடையாளம் தெரியாத அளவுக்கு அடிபட்டு இருந்தது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. முதல் வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் நிதானமாகக் காம்பு கிள்ளினார். அதிகாரி போனைப் பார்த்தபடியே வசந்தா மேடத்தின் பக்கம் சாய்ந்து, "சுருதி சேக்க இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்மா?" என்று கேட்டார். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் என் ஓய்வூதியம் வரைக்கும் கருகியது.

இரண்டாம் அடி வந்துவிட்டது. வாழ்த்துப் பாட்டு ஓடுகிறது, ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், போட்டோக்காரர் எடுத்துத் தள்ளுகிறார். எனக்கு வியர்த்தது. இரண்டு கையையும் கீழிருந்து மேலே தூக்கித் தூக்கி, எழுந்திருங்கள் என்று ஜாடை காட்டினேன். கை தட்டச் சொல்கிறேன் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. மரியாதையான ஜனங்கள்.

வேறு வழி தெரியவில்லை. மைக்கைப் பிடுங்கி, பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, என் தொண்டை எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு கத்தினேன்: "எழுந்திருங்க! எல்லாரும் எழுந்திருங்க!"

என் கத்தலுக்குப் பின்னாலேயே, இப்போது நரம்புகளுக்கு நடுவிலேயே வந்துவிட்ட மைக் வழியாக, இரண்டு கூம்பு ஒலிபெருக்கியிலும் அந்த 'ர்ர்ர்ர்ர்ர்ர்' மைதானம் முழுவதும் கொட்டியது. தலைகள் எல்லாம் அந்த மரத்தின் பக்கம் திரும்பின. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஐயோ, தேனீ கெளம்பிடிச்சி!"

எழுந்தார்கள். நான் கேட்டதைவிட வேகமாக எழுந்தார்கள். துண்டு, முந்தானை, அழைப்பிதழ், எது கைக்குக் கிடைத்ததோ அதைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். குழந்தைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெண்கள் சமையல் கூடத்துக்குள் பாய்ந்தார்கள். அண்ணாமலை ஒரே தாவலில் மேடைக்கு வந்து, அதிகாரியின் சால்வையை அவர் தலையோடு போர்த்தி, கல்யாணப் பெண்ணை இழுத்துப் போவது போலப் புது வகுப்பறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். சிவப்பு ரிப்பன் அதிகாரியின் வயிற்றில் பட்டு அறுந்தது. அந்த வகுப்பறை அப்படித்தான் திறந்து வைக்கப்பட்டது. தட்டில் வைத்திருந்த கத்தரிக்கோல் மட்டும் தனியாக மேடையில் கிடந்தது.

சரி, நான் என்ன செய்தேன்? இதுவரைக்கும் சொன்னதெல்லாம் முட்டாள்தனம். இனிமேல் சொல்லப்போவது வேறு. தேனீ என்று காதில் விழுந்ததும், அந்தச் சத்தத்தைச் செய்தவளே நான்தான் என்பது எனக்கு மறந்துபோயிற்று. மைக்கைக் கீழே போட்டேன். புடவையைத் தூக்கிச் செருகினேன். ஓடினேன். இருபத்திரண்டு பிள்ளைகளையும் மைதானத்தில் விட்டுவிட்டு, ரிப்பன் அறுந்த அதே நொடியில் வாசலில் அண்ணாமலையையும் அதிகாரியையும் இடித்துக்கொண்டு, முதல் ஆளாக வகுப்பறைக்குள் புகுந்து பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டேன். அண்ணாமலை கதவைச் சாத்தினார்.

உள்ளே கும்மிருட்டு. புதுச் சுண்ணாம்பு வாசனை. சால்வைக்குள்ளிருந்து அதிகாரியின் குரல்: "யாராவது என் கழுத்தப் பாருங்க. கடிச்சிருக்கா?"

"இல்லைங்க சார்" என்றேன் பெஞ்சுக்கு அடியிலிருந்து.

வெளியே சத்தம் நிற்கவில்லை. 'ர்ர்ர்ர்' இறங்கியது, ஏறியது, ஓர் இடத்தில் நின்று மறுபடி ஏறியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேனீ தாளம் போடாது. என்ன நடந்தாலும் நிறுத்தாதே என்று சொல்லி வைத்த பிள்ளைகள், ஆள் இல்லாத மைதானத்தில், காலி நாற்காலிகளுக்கு முன்னால், மூன்றாம் அடியை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

நிஜமாகவே தேனீ வந்திருந்தால்? நினைத்துப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

சத்தம் நின்றது. அண்ணாமலை ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து எட்டிப் பார்த்தார். "ஒன்னுத்தையும் காணமே" என்றார். அதே நேரம் வெளியே ஒரு பிள்ளை நரம்பைத் தட்டிவிட்டது போலிருக்கிறது. 'ர்ர்ர்'. படார் என்று ஊரில் உள்ள எல்லா ஜன்னலும் சாத்திக்கொண்டன.

"அது இன்னா பாட்டும்மா?" என்று இருட்டில் அதிகாரி கேட்டார். அவருக்கும் ஏதோ புரிய ஆரம்பித்திருந்தது.

"வாழ்த்துப் பாட்டு சார்."

சால்வை மறுபடி அவர் தலைமேல் ஏறும் சரசரப்பு கேட்டது.

மைக் கரகரத்தது. பர்வீனின் குரல். பயந்த குரல்தான், ஆனால் தெளிவான குரல்.

"எல்லாரும் வெளிய வாங்க. தேனீ இல்லைங்க. எங்க டீச்சர் வச்ச தகரங்க."

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நான் பெஞ்சுக்கு அடியிலிருந்து எழுந்து, தலையெல்லாம் சுண்ணாம்போடு வாசலில் வந்து நின்றேன். கடைசி வரிசையிலிருந்து முன்னால் வந்திருந்த பர்வீன், தன் டின்னிலிருந்து இரண்டு தகரத் துண்டையும் உருவிக் கீழே போட்டாள். ஒரு நரம்பைத் தட்டினாள். டொய்ங். காதை வைத்துக் கேட்டு, கொக்கியைக் கொஞ்சம் திருகி, மறுபடி தட்டினாள். அந்த ஒற்றை நரம்பை மட்டும் மீட்டிக்கொண்டு, வாழ்த்துப் பாட்டைப் பாட ஆரம்பித்தாள்.

முதல் சொல் வந்ததும் ஓடியவர்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே நின்றார்கள். சமையல் கூடத்து வாசலில், மரத்தடியில், நாற்காலிகளுக்கு நடுவில், தலையில் போட்ட துண்டை எடுத்துவிட்டு நேராக நின்றார்கள். எனக்குப் பக்கத்தில் அதிகாரி சால்வையைச் சரிசெய்துகொண்டு கையைக் கட்டி நின்றார். யாரும் யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும், அந்த ஊர்ப் பிள்ளைகளும் பர்வீன் குரலைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து பாடினார்கள். எனக்கு வாய் அசைந்தது. சத்தம் வரவிடவில்லை. அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

விழா முடிந்து வீணைகளைக் கொடுத்தோம். மலைப் பிள்ளைகள் வாங்கிய கையோடு செய்த முதல் வேலை, தகரத்தைப் பிடுங்கி எறிந்தது. ஒரு சிறுமி எல்லா டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்து, திருகச் சொன்னாள். அரை மணி நேரத்தில் அவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்று அதில் வந்தது. நாங்கள் அறிமுகப்படுத்த வந்த இசையை அவர்கள் எங்களுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தகரத்தையும் பச்சை விளக்கையும் எடுத்துவிட்டால், அதாவது என்னை எடுத்துவிட்டால், வாத்தியத்தில் ஒரு குறையும் இல்லை.

அண்ணாமலை எங்களை வேன் வரைக்கும் வந்து வழியனுப்பினார். "மனசுல வச்சிக்காதீங்க டீச்சருங்க. தேனீயே கேட்டிருந்தாலும் ஏமாந்திருக்கும்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

வேனில் பர்வீன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மலை இறங்கி முடிகிற வரைக்கும் வாய் வரவில்லை. கச்சிராயபாளையம் கடைத்தெரு வந்ததும் சொன்னேன். "பர்வீன், நீ சொன்னது சரிதாம்மா."

"எது டீச்சர்? சண்டையா, வண்டா?"

"ரெண்டும். உன்னப் பின்னாடி உக்கார வச்சது தப்பு. விட்டுட்டு ஓடுனது அதவிடத் தப்பு."

அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். "நாங்க பயப்படல டீச்சர்" என்றாள். "நீங்க ஓடுனதப் பாத்துதான் கொஞ்சம் ஜாஸ்தி சிரிப்பு வந்திடிச்சி. அதனாலதான் மூணாவது அடியில நின்னுட்டோம்."

நான் கருத்தாளர் ஆகவில்லை. அதற்கப்புறம் என் பெயர் எந்தப் பட்டியலிலும் வராமல் பார்த்துக்கொண்டார்கள். பள்ளியில் வாத்தியம் செய்யும் வேலை மட்டும் நிற்கவில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை செய்கிறோம். சுருதி சேர்ப்பது பிள்ளைகளின் பொறுப்பு. நான் டின் தேய்க்கிறேன்.

அன்றைக்கு நான் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. வேன் ஓட்டியவர் என் வீட்டுக்காரருக்குச் சினேகிதராம். வீட்டுக்காரர் தட்டை எடுத்து வைத்தார். சாப்பாடு போட்டார். நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனபோது, "எழுந்திருக்கச் சொன்னியாமே. எழுந்தாங்களா?" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு இந்த வீட்டில் இன்னும் ஓயவில்லை.

மகள் நித்யா இப்போது எட்டாவது படிக்கிறாள். எழுப்புவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். தினமும் காலையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "எழுந்திருடி, மணி ஏழாகுது" என்று நான் குரல் கொடுத்ததும், சட்டென்று போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொள்வாள். உள்ளேயிருந்து சத்தம் வரும்.

"தேனீயாம்மா, வாழ்த்துப் பாட்டாம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் கொல்லைப்பக்கத்திலிருந்து அவள் அப்பா சொல்லிவிடுவார்.

"எதுவா இருந்தா இன்னா? மொதல்ல ஓடறது உங்கம்மாதான். நீ தூங்கு."